மொட்டமாடில எத போடலாம்: நேச்சுரல் பார்ன் கில்லர்ஸா, நைட்கிராலரா?

வியாசர்பாடில எங்க வீட்டு மொட்டமாடில மாசத்துக்கு ஒரு சனிக்கெழம படம் போடறது பழக்கமாயிடுச்சு. ப்ரொஜக்டர் வாடக, ஸ்க்ரீன் எங்கம்மாவோட வெள்ள பெட்ஷீட்டு, துணி காயப்போடற கம்பில கிளிப்பு மாட்டி கீழ ரெண்டு செங்கல் வெச்சுடுவோம், காத்தடிச்சா ஹீரோ மூஞ்சி கோணும். வர்றவங்க எல்லாம் தெருமுனை கேரம் க்ளப் பசங்க, ஹார்பர் வேலைக்குப் போற ரெண்டு மூணு பேர், அப்பறம் எங்க மாமா.

ஒரு தடவ ஒரு நியூஸ் சேனல்ல ஒரு கொலயோட சிசிடிவி காட்சிய மூணு நாள் ஓட்டுனாங்க, சிவப்பு வட்டம் போட்டு ஸ்லோமோஷன்ல, பின்னாடி பிஜிஎம் வேற. அத பாத்து கடுப்பாகி "இத வெச்சு கலாய்ச்ச படம் எதுனா இருக்காண்ணா"ன்னு பசங்க கேட்டானுங்க. எனக்கு உடனே தோணுனது ரெண்டு. ஆலிவர் ஸ்டோனோட நேச்சுரல் பார்ன் கில்லர்ஸ், 1994. டான் கில்ராயோட நைட்கிராலர், 2014. ரெண்டுக்கும் நடுவுல கரெக்டா இருபது வருஷம். எத போடறதுன்னு தெரியாம ஒரு மாசம் அது, அடுத்த மாசம் இதுன்னு ரெண்டையுமே போட்டுட்டேன். என் ஓட்டு நைட்கிராலருக்குத்தான், இப்பவே சொல்லிடறேன். கதையும் உள்ள வரும், பாக்காதவங்க பாத்துட்டு வந்து படிங்க.

நீளம் ரெண்டும் கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம். நடிப்பு ரெண்டுலயும் கொற சொல்ல முடியாது. ரெண்டும் வீட்ல சின்னப்புள்ளைங்கள வெச்சுக்கிட்டு பாக்கற படம் இல்ல. இத பத்தி இதுக்கு மேல பேச ஒண்ணுமில்ல.

மொதல்ல நேச்சுரல் பார்ன் கில்லர்ஸ். என்கிட்ட இருந்தது பர்மா பஜார்ல எப்பவோ வாங்குன டிவிடி. மிக்கி, மேலரின்னு ஒரு ஜோடி, ரோட்டுல போறவன் வர்றவன எல்லாம் போட்டுத்தள்ளிட்டு போகும், போட்டுத்தள்ளுன எடத்துல ஒருத்தன மட்டும் உயிரோட விடும், போய் நம்ம பேர சொல்லட்டும்னு. டிவி அவங்கள ஸ்டார் ஆக்கிடும். கதைய எழுதுனது டாரன்டினோ, ஆனா ஸ்டோன் டீம் அத ஏகத்துக்கும் மாத்திடுச்சு. கலர், கருப்பு வெள்ள, வீடியோ, கார்ட்டூன்னு கைக்கு கெடச்ச எல்லாத்தையும் கலந்து அடிச்சிருக்காங்க, ஒரு நிமிஷம் கண்ண மூட விடாது. அதுல ஒரு சீன் இருக்கு, அதுக்காகவே படத்துக்கு நான் எழுந்து நிப்பேன். மேலரி வீட்டுக் கதைய, அப்பனே மகள நாசம் பண்ற கதைய, அப்படியே டிவி காமெடி சீரியல் மாதிரி எடுத்திருப்பாரு. அவன் அசிங்கமா பேச பேச பின்னாடி ரெக்கார்ட் பண்ண சிரிப்பு சத்தம். மாடில மொதல்ல ரெண்டு பேர் சிரிச்சானுங்க, அப்பறம் எதுக்கு சிரிக்கிறோம்னு புரிஞ்சதும் கப்சிப். நையாண்டின்னா அதுதான், அத மறுக்கவே முடியாது.

அயர்ன் மேன்ல வர்ற ராபர்ட் டவுனி ஜூனியர் இதுல டிவி ஆளு. ஜெயில்ல இருக்கற மிக்கிய சூப்பர் பவுல் அன்னிக்கு லைவ்ல பேட்டி எடுப்பாரு, நம்மூருக்கு ஐபிஎல் ஃபைனல் முடிஞ்ச கையோட ஒரு கொலகாரன உக்கார வெச்சு பேட்டி எடுக்கற மாதிரி. பிரச்சனையே இங்கதான் ஆரம்பிச்சுச்சு. மிக்கி மொட்டத்தலையோட கேமராவ பாத்து நான் பொறந்ததே இதுக்குத்தான்னு சொல்ற எடத்துல, எங்க மாடில விசில்! சாதா விசில் இல்ல, மொத நாள் மொத ஷோ விசில். ஜெயில் கலவரம் வந்ததும் ஒருத்தன் எழுந்து ஆடவே ஆரம்பிச்சுட்டான்.

நான் முடிவு பண்ணது இந்த விசில வெச்சுதான், அதனால இத கொஞ்சம் இழுத்துதான் சொல்லுவேன். கொலகாரன ஹீரோ ஆக்கறீங்களேடா பாவிங்களான்னு டிவிக்காரன கேக்கற படம், அதே கொலகாரனுக்கு ஸ்டைலான கண்ணாடி, ஸ்டைலான நட, செம பாட்டு, காதல், கடைசில குடும்பம் குட்டியோட வேன்ல ஊர் சுத்தற வாழ்க்க எல்லாத்தையும் குடுத்தா பாக்கறவன் வேற என்னா பண்ணுவான்? விசிலடிச்சவன நான் தப்பு சொல்லல. அந்த எடத்துக்கு வேணும்னேதான் நம்மள கொண்டு போறாருன்னு சொல்றவங்க இருக்காங்க, நீ விசிலடிக்கிறேல்ல, அதான்டா நீன்னு காட்டறதுக்காகன்னு. இருக்கலாம். ஆனா விசிலடிச்சவன் யாருக்கும் அன்னிக்கு அப்படி தோணல, மறுநாள் ஒருத்தன் மிக்கி படத்த வாட்ஸ்அப் டிபில வெச்சிருந்தான். கிண்டல் யார போய் சேரணுமோ அவன போய் சேரலன்னா, எனக்கு அது விளம்பரத்துக்கும் கிண்டலுக்கும் நடுவுல எங்கயோ நின்னு போச்சு.

நைட்கிராலருக்கு ஒரு விசில் கூட வரல. சிரிப்பு வந்துச்சு, அதுவும் ஆரம்பத்துலயே. லூ ப்ளூம், ஜேக் ஜில்லன்ஹால் ஒடம்ப கொறச்சு கண்ணு மட்டும் பெருசா நடிச்சிருப்பாரு, அவன் மொத சீன்ல என்னா பண்றான்? வேலி கம்பி, காப்பர்னு திருடி காயலான் கடைல போட பாக்கறான். பேரம் வேற பேசறான். கடைக்காரன் ரேட்ட கொறச்சு வாங்கிட்டு, கடைசில வேல கேட்டதும் "திருடன வேலைக்கு வெக்கமாட்டேன்"ங்கறான். எங்காளுங்களுக்கு அந்த கடையும் தெரியும், அந்த பேரமும் தெரியும், "டேய் இது நம்மூர்றா"ன்னானுங்க. அப்பறம் ஒரு சைக்கிள திருடி வித்து கேமராவும் போலீஸ் வயர்லெஸ் கேக்கற மெஷினும் வாங்கி, ராத்திரி லாஸ் ஏஞ்சலஸ் ஃபுல்லா சுத்தி, ஆக்சிடென்ட் எங்க ரத்தம் எங்கன்னு ஓடி ஓடி ஷூட் பண்ணி சேனலுக்கு விக்கறான். கூட வேலைக்கு வெச்ச பையனுக்கு ஒரு ராத்திரிக்கு 30 டாலர்.

இதுல கொலகாரனுங்க மூஞ்சியே நமக்கு சரியா ஞாபகம் இருக்காது. ஞாபகம் இருக்கறது கேமரா புடிச்சவன் மூஞ்சி. எனக்கு இதுதான் பெரிய வித்தியாசம்.

ரெனே ருஸோ சேனல் ஆளா வருவாங்க, எந்த மாதிரி நியூஸ் வேணும்னு லூவுக்கு பாடம் எடுப்பாங்க. வசதியான ஏரியால, வெள்ளக்காரங்களுக்கு, ஏழைங்களாலயோ சிறுபான்மை இன ஆளுங்களாலயோ அடிபட்ட நியூஸ்தான் ஓடும். ஏழ ஏரியால நடந்தா அது நியூஸே இல்ல. இத கேட்டதும் எங்க மாமா, எப்பவும் படத்துல பாதில தூங்கிடற மனுஷன், நிமிந்து உக்காந்து "அண்ணா நகர்ல நடந்தா அதிர்ச்சின்னு போடுவான், நம்ம ஏரியான்னா மீண்டும்னு போடுவான்"னாரு. அதுக்கப்பறம் கொஞ்ச நேரம் யாரும் படத்த பாக்கல, அவங்கவங்க பாத்த ஸ்க்ரோலிங்க பத்தியே பேச்சு, நான் பாஸ் பண்ணிட்டு உக்காந்திருந்தேன்.

லூ ஒரு ஆக்சிடென்ட் எடத்துக்கு போலீஸுக்கு முன்னாடி போயிடுவான். ஆளு கெடக்கற எடம் ஃப்ரேமுக்கு சரியா வரல. கால புடிச்சு இழுத்து ஹெட்லைட் வெளிச்சத்துக்கு கொண்டு வந்து போட்டுட்டு ஷூட் பண்ணுவான். மாடில ஒரு சத்தம் இல்ல. எனக்கு வேற ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. பல வருஷம் முன்னாடி பக்கத்து தெருவுல ஒரு வெட்டு குத்து நடந்து, காலைல ஒரு சேனல் கேமரா வந்துச்சு, எந்த சேனல்னு இப்ப எதுக்கு. ரோட்டுல ரத்தம் காஞ்சு அது மேல மண்ண போட்டிருந்தாங்க. கொஞ்சம் தள்ளி ஒரு ரப்பர் செருப்பு, நீல வாரு, ஒத்த செருப்பு. கேமராக்காரரு சுத்தி பாத்துட்டு ஷூ நுனியால அத மெல்ல தள்ளி தள்ளி அந்த மண்ணுகிட்ட கொண்டு வந்து நிறுத்துனாரு, அப்பறம் கீழ உக்காந்து அத எடுத்தாரு. சாயங்காலம் நியூஸ்ல மொத ஷாட்டே அந்த செருப்புதான். அது செத்தவரோடது இல்ல, மாவு கடை ஆயாவோடது, கூட்டத்துல அறுந்து போச்சுன்னு விட்டுட்டு போயிருந்துச்சு. ஆயா டிவில பாத்துட்டு "ஐயோ என் செருப்பு"ன்னு கத்துனத நெனச்சு நாங்க அப்போ விழுந்து விழுந்து சிரிச்சோம். நைட்கிராலர் பாத்தப்பறம் அந்த சிரிப்பு வரல.

நைட்கிராலர்லயும் ஓட்ட இல்லாம இல்ல. லூ பேசறது எல்லாம் நெட்ல படிச்ச பிசினஸ் வசனம், அத அவன் ஒரு எடத்துலயும் தடுமாறாம பேசறதுதான் பயமே. ஆனா எங்க க்ரூப்ல டெலிவரி வேல பாக்கற தம்பி ஒருத்தன் படம் முடிஞ்சதும், "அண்ணா, அவன் பேசற ஸ்டைல் சூப்பர்ணா, இன்டர்வியூக்கு யூஸ் ஆகும்"னான். என்னா சொல்றதுன்னே தெரியல எனக்கு. விசில் வராத படத்துக்கும் ரசிகன் இருக்கான்.

நேச்சுரல் பார்ன் கில்லர்ஸ நான் தியேட்டர்ல பாத்ததில்ல, அந்த கட்டிங்கும் சத்தமும் பெரிய ஸ்க்ரீன்ல வேற மாதிரி அறையலாம், எங்க பெட்ஷீட்ட வெச்சு தீர்ப்பு சொல்றது அதுக்கு கொஞ்சம் அநியாயம்தான். இத பாத்துட்டுதான் நெஜமா ஆளுங்கள சுட்டாங்கன்னு அமெரிக்கால கேஸ் வர போச்சு, 2001ல கோர்ட் தள்ளுபடி பண்ணிடுச்சு. அந்த கேஸ வெச்சு படத்த திட்டறவங்க பக்கம் நான் இல்ல, என் புகார் விசில பத்தி மட்டும்தான். இதே மேட்டர்ல மேன் பைட்ஸ் டாக்னு 1992ல வந்த ஒரு பெல்ஜியம் படமும் இருக்கு, கொலகாரன் பின்னாடியே டாக்குமென்டரி எடுக்கற க்ரூப் கடைசில அவன் கூடவே சேந்துடும். அத ஒரே தடவ, அதுவும் சப்டைட்டில் முன்ன பின்ன ஓடற காப்பில பாத்தேன், அதனால ஒப்பிட வரல.

நீங்க தனியா பாக்கறீங்க, சினிமா எடுக்கற விதத்துல ஆர்வம் இருக்குன்னா ஸ்டோன் படத்த விட்டுடாதீங்க, அந்த சிரிப்பு சத்த சீனுக்காகவாவது. பத்து பேர் கூட்டமா உக்காந்து பாக்கறதுன்னா நைட்கிராலர் போடுங்க, முடிஞ்சதும் ஒரு மணி நேரம் பேச்சு ஓடும், டீக்கு மட்டும் ஏற்பாடு பண்ணிக்குங்க. டிவிடி கேட்டு யாரும் வராதீங்க, டிபி வெச்ச தம்பி வாங்கிட்டு போனவன் இன்னும் திருப்பித் தரல.