கெர்னல் மாற்றியதாகச் சொல்லி விற்ற ஸாரஸ்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

2002-இல் வந்த ஷார்ப் ஸாரஸ் எஸ்எல்-5500 மீது எனக்கு இருபது ஆண்டு ஆசை. பிற கையடக்கக் கணினிகளில் பாம் ஓஎஸ்ஸும் விண்டோஸ் சிஇயும் ஓடிய காலத்தில், கடைப்பெட்டியைப் பிரித்தவுடனேயே லினக்ஸ் இயங்குதளத்தோடு விழித்துக்கொண்ட கருவி அது. கீழ்மூடியை இழுத்தால் குட்டி விசைப்பலகை எட்டிப்பார்க்கும். அன்று வாங்கக் காசு இல்லை. இன்று காசு இருந்தது, நிதானம் இல்லை.

இணையத்தில் ஒருவர் இரண்டு விதமாக விற்றுக்கொண்டிருந்தார். பழைய மென்பொருளோடு அப்படியே வேண்டுமென்றால் 7,000 ரூபாய். கெர்னலையும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கோப்பு முறைமையையும் (கோப்புகளைச் சேமித்து வைக்கும் ஒழுங்கு) மாற்றித் தந்தால் 11,500. கூடுதல் 4,500 ரூபாய் முழுக்க அவருடைய உழைப்புக்கு. 2.4.18 கெர்னல், ஜேஎஃப்எஃப்எஸ்2 கோப்பு முறைமை, ஷார்ப் மென்பொருளுக்குப் பதிலாகப் போடும் ஓப்பன்ஸாரஸ், 64 எம்பி ரேமும் முழுதாகப் பயன்பாட்டுக்கு என்று எழுதியிருந்தார். கெர்னல் எண் தெரியும்படி கருவியின் திரையைப் பிடித்த படமும் இருந்தது. நானே செய்யக்கூடிய வேலைதான். சோம்பலுக்கு 4,500 ரூபாய் கட்டினேன்.

கருவி வந்தது. புதுச் சின்னங்கள், அழகான பின்னணிப் படம், பத்துப் பன்னிரண்டு செயலிகள். ஆனால் கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் மட்டும் மெனுவில் இல்லை. லினக்ஸ் பிரியனுக்கென்று விற்கும் கருவியில் டெர்மினல் இல்லை என்பதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, ஒரு வாரம் அதை வருவோர் போவோரிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு நான்கு நாள் ஊரில் இல்லை. திரும்பி வந்தபோது பேட்டரி ஒட்டத் தீர்ந்திருந்தது. சார்ஜ் ஏற்றி இயக்கினால், திரையைத் தொட்டு அளவு சரிசெய்யச் சொல்லும் முதல்நாள் வரவேற்பு. சின்னங்கள் இல்லை, செயலிகள் இல்லை, பின்னணிப் படம் இல்லை. ஷார்ப் நிறுவனம் அனுப்பிய நாளில் எப்படி இருந்திருக்குமோ அப்படியே இருந்தது.

டெர்மினலை நானே ஏற்றி, கெர்னல் எண்ணைக் காட்டும் யூநேம் கட்டளையைத் தட்டினேன். 2.4.6. அது ஷார்ப் கொடுத்த பழைய கெர்னல். ஃப்ரீ கட்டளை காட்டிய நினைவகம் 64 எம்பியில் ஏறக்குறையப் பாதி. கோப்பு முறைமைகளைப் பட்டியலிடும் மவுண்ட் கட்டளையில் ஜேஎஃப்எஃப்எஸ்2 என்ற பெயரே தென்படவில்லை.

அவர் செய்தது என்ன என்று விளங்க, இந்தக் கருவியின் உள்ளமைப்பு தெரிய வேண்டும். இதில் 16 எம்பி ஃபிளாஷ், 64 எம்பி ரேம். கெர்னலும் அடிப்படை மென்பொருளும் ஃபிளாஷில் இருக்கும். மின்சாரம் போனாலும் அழியாது. ஷார்ப் ஏற்பாட்டில் ரேமின் ஒரு பகுதியை வெட்டி வட்டு போலப் பயன்படுத்துவார்கள். நாம் நிறுவும் செயலிகளும் கோப்புகளும் அங்கேதான் போகும். பேட்டரி உயிரோடு இருக்கும்வரைதான் அதற்கும் உயிர். ஓப்பன்ஸாரஸ் போட்டால் இந்தக் கதை மாறும். கோப்பு முறைமை ஃபிளாஷிலேயே ஜேஎஃப்எஃப்எஸ்2 ஆக அமையும். அது தரவைச் சுருக்கி வைக்கும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதித் தேய்க்காமல் ஃபிளாஷ் முழுவதும் பரப்பி எழுதும். ரேம் வட்டு தேவைப்படாததால், 64-0 என்ற பிரிவுள்ள (செயலிகளுக்கு 64 எம்பி, வட்டுக்கு 0) கெர்னலைப் போட்டு ரேம் அத்தனையையும் செயலிகளுக்கே விடலாம். நம் ஆள் ஃபிளாஷைத் தொடவே இல்லை. ரேம் வட்டில் கொஞ்சம் ஒப்பனை செய்து அனுப்பிவிட்டார். பழைய வீட்டுக்குக் காகிதத்தால் புதுச்சுவர் எழுப்பியது போல.

அவருக்கு எழுதினேன். “சார், பேட்டரியைத் தீரவிட்டது உங்கள் தவறு. மென்பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது” என்று பதில் வந்தது. ஃபிளாஷில் எழுதிய கெர்னல் பேட்டரி தீர்ந்தால் 2.4.6-க்கு இறங்கிப் போகுமா என்று கேட்டேன். “பழைய கருவி சார், எதுவும் நடக்கும்” என்றார். அத்தோடு பதில் நின்றது. பணம் வரவில்லை.

கடைசியில் நானே உட்கார்ந்தேன். காம்பாக்ட் ஃபிளாஷ் நினைவக அட்டையில் கெர்னல் கோப்பையும் கோப்பு முறைமைக் கோப்பையும் இட்டு, சார்ஜரைச் செருகி, சி, டி விசைகளை ஒருசேர அழுத்தியபடி ரீசெட் செய்ய வேண்டும். இரண்டு விளக்குகளும் எரிந்தால் எழுதுகிறது என்று பொருள், அணைந்தால் முடிந்தது. முதல் முறை எரியவில்லை. அட்டையை ஃபேட்32 என்ற கோப்பு முறைமையில் வடிவமைத்திருந்தேன். அதன் பழைய வடிவமான ஃபேட்16 ஆக மாற்றியதும் எரிந்தன. விளக்கு அணையும்வரை மூச்சுவிடவில்லை என்பது வேறு கதை. பழைய காம்பாக் ஐபேக் கையடக்கக் கணினியில், கருவியைத் துவக்கிவைக்கும் பூட்லோடரையே மாற்ற வேண்டும், நடுவில் மின்சாரம் போனால் சில்லோடு நேரடியாகப் பேசும் ஜேடேக் கம்பி இல்லாமல் மீளாது. ஸாரஸ் அந்த வகையில் சாது.

இப்போது 2.4.18. பேட்டரியைக் கழற்றி ஓர் இரவு முழுக்க வைத்துப் பார்த்தேன், எல்லாம் அப்படியே இருக்கிறது. மொத்த வேலைக்கும் ஆன நேரம் ஒரு மாலைப் பொழுது. செலவு ஏதுமில்லை.

கெர்னல் மாற்றிய கருவி என்று யாராவது விற்றால், யூநேம், மவுண்ட், ஃப்ரீ மூன்றின் விடையையும் உங்கள் பெயர் எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதன்பின் பேட்டரியைக் கழற்றி, சில மணி நேரம் கழித்துப் போட்டு, மறுபடியும் ஒரு படம் கேளுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள்.

விற்றவரின் பெயரை இங்கே எழுதவில்லை. அந்த விளம்பரம் நேற்றுவரை இருந்தது. படத்தில் உள்ள கருவியில் எம் விசையின் எழுத்து பாதி அழிந்திருக்கும். எனக்கு வந்த கருவியில் எம் பளிச்சென்று இருக்கிறது.