காட்பாடியில் வாங்கிய ஃபிலோ தாள்: இரண்டு பெட்டிகளின் அனுபவம்

உறைபதன உணவுகள் விற்கும் காட்பாடிக் கடை ஒன்றில் ஃபிலோ தாளைச் சித்திரையில் ஒரு பெட்டியும் ஆடியில் ஒரு பெட்டியுமாக வாங்கிப் பார்த்தேன். கிரேக்க மொழியில் 'ஃபிலோ' என்றால் இலை. மைதா, தண்ணீர், சிறிது எண்ணெய் ஆகியவற்றைப் பிசைந்து, அடியில் வைத்த கை தெரியும் அளவுக்கு மெல்லியதாக விரிக்கப்படும் தாள் இது. பஃப்ஸ் மாவில் கொழுப்பு மடிப்புகளுக்குள்ளேயே இருக்கும். இதிலோ ஒவ்வொரு தாளுக்கும் நாமே உருக்கிய வெண்ணெய் தடவ வேண்டும். நோன்புக் காலத்தில் விற்கும் சமோசா பட்டியைக் கொண்டு சமாளிக்கலாம் என்பாரும் உண்டு. ஆனால் அது கல்லில் அரைவேக்காடாகச் சுட்டுப் பிரித்தெடுத்தது. எண்ணெயில் பொரிக்கத்தான் பொருந்தும், ஓவன் அடுப்பில் சுட்டால் இந்த நொறுங்கல் வராது.

சித்திரைப் பெட்டியைப் பிரித்தபோது ஓரங்கள் ஒட்டிக்கொண்டு, தாளுக்கிடையே பனித்துகள் படிந்திருந்தது. வழியில் எங்கோ உருகி மறுபடி உறைந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. கடைக்காரரோ, 'பெட்டியை நாங்கள் பிரிப்பதில்லை' என்பதோடு முடித்துக்கொண்டார். கிழிந்த தாள்களை நடு அடுக்குகளில் மறைத்து, தாள்களுக்கிடையே பருப்புத்தூள் வைத்துச் சுட்டுப் பாகு ஊற்றும் இனிப்பான பக்லாவா செய்தேன். சூடான தட்டின் மேல் ஆறிய பாகை ஊற்றியதால் மேலடுக்கு மொறுமொறுப்பாகவே நின்றது. பாகில் ஊறிக் கரையும் ஆற்காடு மக்கன் பேடாவுக்குப் பழகிய எங்கள் வீட்டாருக்கு அந்த மொறுமொறுப்பு முதலில் புதிராகத்தான் இருந்தது.

ஆடியில் வாங்கியதை ஐஸ் வைத்த தெர்மோகோல் பெட்டியில் கொண்டுவந்து, இரவு முழுவதும் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்திருந்து பிரித்தேன். ஒரு தாள்கூடக் கிழியவில்லை. ஃபிலோ தாள்களுக்கிடையே பூரணம் வைத்துச் சுடும் கிரேக்கப் பண்டமான ஸ்பானகோபிட்டாவுக்குக் கீரையும் ஃபெட்டா பாலாடைக்கட்டியும் வேண்டும். ஃபெட்டா கிடைக்காததால் பன்னீரில் உப்பைக் கூட்டி எலுமிச்சை பிழிந்துகொண்டேன். பாலக்கை வதக்கி நீரை ஒட்டப் பிழியாவிட்டால் அடித்தாள் கூழாகிவிடும். 180 டிகிரி சூட்டில் நாற்பது நிமிடத்தில் பொன்னிறமாயிற்று. சுடுவதற்கு முன்பே கத்தியால் துண்டுக்கோடு போட்டுவிட வேண்டும், வெந்தபின் வெட்டினால் மேல்தாள் சிதறிவிடும்.

வேலூர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது மின்விசிறி. பிரித்த தாள் சில நிமிடங்களிலேயே காய்ந்து உடைவதால், ஈரத்துணி போர்த்தி, விசிறியையும் நிறுத்திவிட்டுத்தான் வேலை செய்ய முடிகிறது. சித்திரை வெயிலில் அது என்ன பாடு என்று சொல்லத் தேவையில்லை. விலையும் குறைவன்று, ஆடிப் பெட்டிக்கு அது தகும், சித்திரைப் பெட்டிக்குத் தகாது. உருகிய தாளை மறுபடி உறையவைப்பது நல்லதன்று என்பதால், மீந்தவற்றில் தேங்காய்ப் பூரணம் வைத்துச் சுருட்டிச் சுட்டேன். ஸ்பானகோபிட்டாவுக்கு முன்பே தட்டில் தீர்ந்தது அதுதான்.