காக்ரேன் லைப்ரரி: கீழாநெல்லியைத் தேடினால் என்ன கிடைக்கிறது?

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்று சொன்னால் நம் ஊரில் மறுத்துப் பேச ஆள் கிடையாது. அதோடு நிற்காமல், 'லான்செட் மருத்துவ இதழே ஒப்புக்கொண்டது' என்று ஒரு வரியையும் சேர்த்து ஃபார்வர்டு செய்கிறவர்கள் உண்டு. அந்த வரி முழுப் பொய் இல்லை, சிக்கலே அதுதான். இப்படிப்பட்ட அரை உண்மைகளை உரசிப் பார்க்க, மருத்துவத்தைப் பொறுத்தவரை, முதலில் போக வேண்டிய இடம் காக்ரேன் லைப்ரரி என்ற இணையதளம். குறைகள் இருக்கின்றன, சில எரிச்சலூட்டும் அளவுக்கே. ஆனாலும் காசில்லாமல் கிடைப்பவற்றில் இதைவிட நல்லதைக் கைகாட்ட முடியவில்லை.

காக்ரேன் 1993இல் ஆக்ஸ்ஃபோர்டில் இயன் சால்மர்ஸ் தொடங்கிய அமைப்பு. ஆர்ச்சி காக்ரேன் என்ற பிரிட்டிஷ் மருத்துவரின் பெயர் அதற்கு. புதிதாக மருந்து கொடுத்துச் சோதிப்பது இவர்கள் வேலை அல்ல. ஒரே கேள்விக்கு உலகம் முழுவதும் நடந்த சோதனைகளைத் தேடித் திரட்டி, எது ஒழுங்காக நடந்தது, எது ஓட்டை என்று எடைபோட்டு, மொத்தமாக என்ன தெரிகிறது என்று சொல்வதுதான் வேலை. எப்படித் தேடப் போகிறோம், எதையெல்லாம் சேர்ப்போம் என்று முன்கூட்டியே எழுதி வெளியிட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள். முடிவைப் பார்த்துவிட்டு விதியை வளைக்க முடியாது.

அவர்களுடைய சின்னத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வட்டத்துக்குள் சில படுக்கைக் கோடுகள், நடுவே ஒரு நெட்டுக் கோடு, கீழே ஒரு வைர வடிவம். அழகுக்காக வரைந்தது அல்ல. குறைமாதப் பிரசவம் ஆகக்கூடிய தாய்மார்களுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்ட ஏழு சோதனைகளின் முடிவு அது. முதல் சோதனை 1972இல் வெளிவந்தது. எல்லாவற்றையும் சேர்த்து முறையாகத் தொகுத்தது 1989இல்தான். குழந்தை இறக்கும் வாய்ப்பை அந்த ஊசி 30 முதல் 50 விழுக்காடு குறைக்கிறது என்பது பெரும்பாலான மகப்பேறு மருத்துவர்களுக்கு அதுவரை உறைக்கவில்லை. தொகுத்துப் பார்க்காததால் போன உயிர்களின் கணக்கையே சின்னமாக வைத்திருக்கிறார்கள்.

சரி, கீழாநெல்லிக்கு வருவோம். தேடல் கட்டத்தில் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும். மூலிகையின் ஊர்ப்பெயர் உதவாது, தாவரவியல் பெயர் வேண்டும். நிலவேம்பு என்றால் ஆண்ட்ரோகிராஃபிஸ் பானிகுலேட்டா, சீந்தில் என்றால் டினோஸ்போரா கார்டிஃபோலியா. கீழாநெல்லியை ஃபில்லாந்தஸ் அமாரஸ் என்றும் ஃபில்லாந்தஸ் நிரூரி என்றும் கட்டுரைகளில் மாற்றி மாற்றி எழுதுவார்கள். அதனால் ஃபில்லாந்தஸ் என்ற முதல் சொல்லை மட்டும் போட்டுத் தேடுவது பாதுகாப்பு. அதிலும் ஒரு வினை உண்டு. பெருநெல்லிக்காயும் அதே பேரினம்தான், எனவே நெல்லிக்காய்ச் சோதனைகளும் வந்து விழும். கூடவே நோயின் பெயரையும், அதாவது ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி என்று, சேர்த்துக்கொண்டால் சல்லடை போட்டது மாதிரி ஆகிவிடும்.

முடிவுகள் பக்கத்தின் மேலே தனித்தனித் தாவல்கள் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். 'ரிவ்யூஸ்' என்ற தாவலில் உள்ளவை மட்டுமே காக்ரேன் எடைபோட்டு முடித்தவை. 'ப்ரோட்டோகால்ஸ்' என்றால் வெறும் திட்டம், விடை எதுவும் இருக்காது. 'ட்ரையல்ஸ்' தாவலில் குவிந்து கிடப்பவை தனித்தனிச் சோதனைகளின் பதிவுகள். காக்ரேன் அவற்றைத் தேடிச் சேர்த்து வைத்திருக்கிறதே தவிர, நல்லது என்று முத்திரை குத்தவில்லை. அங்கிருந்து ஒன்றை உருவி 'காக்ரேனே சொல்லிவிட்டது' என்று போடுவது தவறு.

கீழாநெல்லிக்கு ரிவ்யூஸ் தாவலில் 2011 தேதியிட்ட தொகுப்பு ஒன்று இருக்கிறது. நாள்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்றுக்கு ஃபில்லாந்தஸ் இனச் செடிகள் பலன் தருமா என்பது கேள்வி. 16 சோதனைகள், 1,326 நோயாளிகள். பார்க்கப் பெரிய எண்ணிக்கைதான். உள்ளே போனால், வெற்று மாத்திரையோடு நேருக்கு நேர் ஒப்பிட்டது ஒரே ஒரு சோதனை, அதில் 42 பேர். மற்ற 15இல் வைரஸ் எதிர்ப்பு மருந்தோடு இதையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் வைரஸின் தடயங்கள் சில குறைந்ததாகத் தெரிகிறது, ஆனால் சோதனைகள் நடந்த விதம் பலவீனமானது, முடிவுகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. தனியாகக் கொடுத்தால் பலன் உண்டு என்று நம்பும்படியான ஆதாரம் இல்லை. இதுதான் அவர்கள் தரும் விடை.

அப்படியென்றால் லான்செட் கதை? அதைப் பிடிக்கப் பப்மெட் வேண்டும். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1997இலிருந்து எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் மருத்துவக் கட்டுரை அட்டவணை அது. அதே சொற்களைப் போட்டால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு 1988இல் லான்செட்டில் எழுதிய கட்டுரை வருகிறது. நோபல் பரிசு பெற்ற பாரூக் ப்ளம்பர்கும் அதன் ஆசிரியர்களில் ஒருவர். 30 நாள் கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு ஹெபடைடிஸ் பி மேற்பரப்பு ஆன்டிஜென், அதாவது வைரஸ் உடலில் இருப்பதைக் காட்டும் அடையாளம், மறைந்தது, வெற்று மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும். அசத்தலான முடிவு. கட்டுரையே இதை முதற்கட்ட ஆய்வு என்றுதான் சொல்கிறது. பட்டியலில் கொஞ்சம் இறங்கினால், 1990இல் தாய்லாந்திலிருந்து அதே லான்செட்டில் ஒரு கடிதமும், 1994இல் நியூசிலாந்திலிருந்து ஒரு கட்டுரையும். இரண்டின் தலைப்பும் 'தோல்வி' என்ற சொல்லில்தான் தொடங்குகிறது. ஃபார்வர்டில் முதலாவது மட்டும் வரும், பின்னாடி வந்த இரண்டும் வராது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தச் சோதனைகள் எல்லாம் வைரஸை உடலில் நிரந்தரமாகச் சுமப்பவர்களைப் பற்றியவை. கெட்டுப்போன தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே இறங்கிவிடும். பெயரை இலை தட்டிச் செல்கிறது. பி வகையோ ஈரலைச் சுருக்கிப் புற்றுநோய் வரை கொண்டுபோகக்கூடியது. ரத்தப் பரிசோதனையில் பி என்று வந்தவர்கள் இலையோடு காலம் தள்ளக்கூடாது. ஹெபடைடிஸுக்காக 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளிலேயே இலவசச் சிகிச்சை உண்டு.

வீட்டு வைத்தியம் என்றாலே காக்ரேன் கைவிரித்துவிடும் என்று நினைக்க வேண்டாம். குழந்தைகளின் இருமலுக்குத் தேன் கொடுப்பதைப் பற்றிய 2018 தொகுப்பைப் பாருங்கள். ஆறு சோதனைகள், 899 பிள்ளைகள். ஒன்றுமே கொடுக்காமல் இருப்பதைவிடத் தேன் அனேகமாகப் பலன் தருகிறது என்கிறது. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு மட்டும் தேன் கூடவே கூடாது, பாட்டுலிசம் என்ற நச்சுநோய் வரலாம்.

அந்த 'அனேகமாக' என்ற சொல்லை அவர்கள் போகிற போக்கில் போடவில்லை. ஆதாரத்தின் உறுதியை ஹை, மாடரேட், லோ, வெரி லோ என நான்கு படியாகப் பிரிக்கிறார்கள். சோதனையில் ஒருபக்கச் சாய்வு இருந்தால், முடிவுகள் முரண்பட்டால், ஆட்கள் குறைவென்றால், கேட்ட கேள்விக்கு நேரடியாகப் பொருந்தாவிட்டால், பாதகமான முடிவுகள் வெளிவராமல் அமுங்கியிருக்கலாம் என்று தோன்றினால் படி இறங்கும். சுருக்கத்தில் 'குறைக்கிறது' என்றிருந்தால் மேல்படி, 'அனேகமாக' என்றால் அடுத்தது, 'குறைக்கக்கூடும்' என்றால் கீழே. அண்மைக்காலத் தொகுப்புகளில் 'சம்மரி ஆஃப் ஃபைண்டிங்ஸ்' என்ற அட்டவணையில் நான்கு வட்டங்கள் இருக்கும். எத்தனை வட்டத்துக்குள் கூட்டல் குறி என்று எண்ணினால் போதும். லோ என்பதற்கு 'வேலை செய்யாது' என்று அர்த்தம் இல்லை. அடுத்த நல்ல சோதனை வந்தால் விடை மாறலாம் என்று அர்த்தம். மிகப் பரவலாக நடக்கும் தப்பு இங்கேதான்.

எண்களைப் படிக்கப் பழகுவதற்கு வைட்டமின் சி தொகுப்பு அருமையான பாடம். சளிக்கும் வைட்டமின் சிக்கும் என்ன தொடர்பு என்ற 2013 தொகுப்பு அது. தினமும் 200 மில்லிகிராமுக்குக் குறையாமல் மாத்திரை கொடுத்துப் பார்த்த 29 ஒப்பீடுகள், மொத்தம் 11,306 பேர். அவர்களில் சாதாரணப் பொதுமக்கள் 10,708 பேர். அவர்களிடையே மாத்திரை எடுக்காத பக்கம் 100 பேருக்குச் சளி பிடித்தால், எடுத்த பக்கம் 97 பேருக்குப் பிடித்தது. ஒன்றுமில்லை என்று தள்ளிவிடலாம். ஆனால் மாரத்தான் ஓடுகிறவர்கள், பனிச்சறுக்குக்காரர்கள், கடுங்குளிரில் பயிற்சி செய்த படைவீரர்கள் என 598 பேர் மட்டும் இருந்த ஐந்து சோதனைகளில் சளி பாதியாகக் குறைந்திருக்கிறது. நாள் கணக்கில் பார்த்தால் பெரியவர்களுக்கு 8 விழுக்காடு, பிள்ளைகளுக்கு 14 விழுக்காடு குறைவு. ஏழு நாள் சளி என்று வைத்துக்கொண்டால் பெரியவருக்கு மிச்சம் அரை நாள் சொச்சம். அதுவும் தினமும் விடாமல் எடுத்துவந்தால்தான். தும்மல் வந்த பிறகு மாத்திரையை ஆரம்பித்தவர்களிடம் சீரான பலன் எதுவும் தெரியவில்லை. மருந்துக்கடைக்கு நாம் ஓடுவதோ தும்மல் வந்த பிறகுதான்.

இனிக் குறைகள். 2023 ஜனவரியில் சுவாச வைரஸ்களைத் தடுக்கும் வழிகள் பற்றிய தொகுப்பைப் புதுப்பித்தார்கள், மொத்தம் 78 சோதனைகள். முகக்கவசம் பலன் தருகிறதா இல்லையா என்பதை அதை வைத்துத் தீர்மானிக்க முடியாது என்பதே சாரம். பல சோதனைகளில் கவசம் கொடுக்கப்பட்டவர்களே ஒழுங்காக அணியவில்லை. ஆனால் எளிய சுருக்கத்தின் வாசகம் வழவழவென்று இருந்ததால் 'கவசம் வீண், காக்ரேன் அறிவிப்பு' என்று உலகம் முழுக்கப் பரவிவிட்டது. மார்ச் 10 அன்று தலைமை ஆசிரியர் கார்லா சோரஸ் வைசர் அந்தப் பொருள்கோடல் தவறு என்று அறிக்கை விட்டு, சுருக்கத்தின் சொற்கள் தப்பாகப் புரிந்துகொள்ள இடம் கொடுத்துவிட்டன என்று வருத்தமும் தெரிவித்தார். தன் தவறைத் தேதியோடு ஒப்புக்கொள்ளும் இடம் என்பதில் நம்பிக்கை கூடத்தான் செய்கிறது. என்றாலும் பொதுமக்களுக்காகவே எழுதப்படும் பகுதியில் இப்படிச் சறுக்கியது சின்ன விஷயம் அல்ல.

அடுத்தது பழசாகிப்போகும் பிரச்சினை. எந்தத் தொகுப்பைத் திறந்தாலும் முதலில் கண் போக வேண்டியது தேதிக்கு, அதிலும் வெளியான தேதியைவிட 'எந்த நாள் வரை தேடினோம்' என்ற வரிக்கு. கீழாநெல்லித் தொகுப்பு மாதிரி 2011இல் நிற்பவற்றுக்கு, அதற்குப் பிறகு வந்ததைப் பப்மெடில் நாமேதான் பார்க்க வேண்டும். தமிழில் சில சுருக்கங்கள் மொழிபெயர்க்கப்பட்டுள்ளன. வாசிக்கலாம், ஆனால் நடை கரடுமுரடு. ஆங்கிலப் பக்கத்தின் தேதியோடு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. கட்டணத்தைப் பொறுத்தவரை சுருக்கங்கள் எவருக்கும் இலவசம். புதிய தொகுப்புகளின் முழுப்பகுதி வெளியாகி 12 மாதம் கழித்துத் திறக்கும்.

பப்மெடைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 'பப்மெடில் இருக்கிறது' என்பது நற்சான்று ஆகாது. வாக்காளர் பட்டியலில் பேர் இருப்பதால் ஒருவர் யோக்கியர் என்று ஆகிவிடுமா? தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்ட பிரிட்டிஷ் மருத்துவர் வேக்ஃபீல்டின் 1998 லான்செட் கட்டுரை வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதியது. 2010இல் திரும்பப் பெறப்பட்ட அதுவும் பப்மெடில் இருக்கத்தான் செய்கிறது. 'ரிட்ராக்டட்' என்ற சொல் தலைப்பிலேயே ஒட்டியிருக்கும். எனவே யாராவது அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல், தலைப்பை அப்படியே தட்டி இன்றைய பக்கத்தைப் பாருங்கள். இடப்பக்க வடிகட்டிகளில் 'சிஸ்டமேட்டிக் ரிவ்யூ' என்பதை முதலில் டிக் செய்யுங்கள். மஞ்சள், நெல்லி மாதிரிப் பொருள்களுக்கு எலியிலும் கண்ணாடித் தட்டிலும் செய்த சோதனைகள் மலையாகக் குவியும். கூடுதல் வடிகட்டிகளில் 'ஹியூமன்ஸ்' போட்டால் பெரும்பாலும் விலகும். நூலகம் இன்னும் வகைப்படுத்தாத சில கட்டுரைகளும் சேர்ந்து மறைந்துவிடும் என்பதால், அதைக் கடைசியில் போடுவது உத்தமம். சுருக்கத்துக்குக் கீழே ஆசிரியர்களின் பண உறவுகள் பற்றிய வரி இருந்தால் அதையும் விடாதீர்கள்.

ஒரு சத்துமாவு டப்பாவில் 'மருத்துவச் சோதனையில் நிரூபிக்கப்பட்டது' என்று போட்டிருந்தால் அதைப் பற்றிக் காக்ரேன் தொகுப்பு கிடைப்பது அரிது, பப்மெடிலும் அனேகமாக இருக்காது. அதற்கு ஐ.சி.எம்.ஆர். எனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தும் சிடிஆர்ஐ என்ற இந்தியச் சோதனைப் பதிவேடு இருக்கிறது. 2007இலிருந்து இயங்குகிறது. பொருளின் பெயரையோ கம்பெனியின் பெயரையோ தேடினால், எத்தனை பேரிடம், எத்தனை வாரம், எதை அளக்கப்போவதாகச் சொல்லிப் பதிந்தார்கள் என்று தெரியும். 2018 ஏப்ரலிலிருந்து சோதனை தொடங்கும் முன்பே பதிந்தாக வேண்டும், முடித்துவிட்டு வந்து பதிய முடியாது. பசியின்மை போகிறதா என்று பார்க்கப் பதிந்துவிட்டு, டப்பாவில் உயரம் கூடும் என்று அச்சடித்திருந்தால் அங்கேயே பிடிபட்டுவிடும். பதிவெண் எங்கே என்று வாடிக்கையாளர் சேவை எண்ணில் கேட்டுப் பாருங்கள். நிஜமாகவே சோதனை நடத்தியவர்களுக்கு அதைச் சொல்ல அரை நிமிடம் போதும்.