ஜிடி-ஆரா, சியராவா? குரூப் ஏ களத்தின் இரண்டு டர்போ கார்கள்

நிஸ்ஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் (ஆர்32) வெறும் குதிரைத்திறனால் வென்றது என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. குரூப் ஏ என்பது சாலையில் விற்கும் கார்களை அடிப்படையாகக் கொண்ட பந்தயப் பிரிவு. ஜிடி-ஆருக்கு முன் அந்தக் களத்தை ஆண்ட ஃபோர்டு சியரா ஆர்எஸ்500 பந்தயத்தில் 500 குதிரைத்திறனை எளிதாகத் தாண்டியது. ஜிடி-ஆர் தொடக்கத்தில் அதைவிடப் பெரிதாக ஒன்றும் முன்னே இல்லை. எடையில் சியராவுக்கே சாதகம்.

குரூப் ஏ விதிப்படி, காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும் டர்போ பொருத்திய இன்ஜினின் கொள்ளளவை 1.7-ஆல் பெருக்க வேண்டும். சியராவின் இரண்டு லிட்டர் ஏறத்தாழ 3.4 லிட்டராகிவிடும். ஜிடி-ஆரின் 2568 சிசி 4366 ஆகும்; 4.5 லிட்டர் பிரிவுக்குள் அடங்கும். அங்கே குறைந்தபட்ச எடை 1260 கிலோ என்றாலும், 10 அங்குல அகல டயர் போடலாம். விதிப்புத்தகத்தை முதலில் படித்துவிட்டுப் பிறகு வரையப்பட்ட கார் இது.

சியராவும் அப்படிப் பிறந்ததுதான். பந்தயத் தகுதிக்காகச் செய்த 500 கார்கள், தடித்த சுவர் கொண்ட இன்ஜின் பிளாக், கேரட் (Garrett) நிறுவனத்தின் பெரிய டர்போ. சாலையில் வேலையே செய்யாத நான்கு கூடுதல் எரிபொருள் இன்ஜெக்டர்களைக்கூடப் பந்தயத்துக்காகவே பொருத்தி விற்றார்கள். ஆனால் அந்தச் சக்தி முழுவதும் பின்சக்கரங்கள் இரண்டுக்குத்தான் போனது. மெதுவான வளைவிலிருந்து வெளியேறும்போது டர்போ தாமதமாக விழித்து ஒரேயடியாகத் தள்ளும். டயர் சுழலும், சூடேறும், தேய்ந்துபோகும். அதை அடக்கி ஓட்டியவர்களின் திறமைக்கு நான் தலைவணங்குகிறேன்.

ஜிடி-ஆரின் விடை அட்டெசா என்ற நான்கு சக்கர இயக்க அமைப்பு. சாதாரண ஓட்டத்தில் இதுவும் பின்சக்கர கார்தான். பின்சக்கரம் வழுக்கத் தொடங்கியதும் ஹைட்ராலிக் அழுத்தத்தில் இயங்கும் பலதட்டு கிளட்ச் சக்தியில் பாதிவரை முன்பக்கம் அனுப்பிவிடும். சியரா ஓட்டுநர் ஆக்சிலரேட்டரைத் தயங்கித் தயங்கி மிதிக்கும் இடத்தில் ஜிடி-ஆர் ஓட்டுநர் முழுவதுமாக மிதிப்பார். பந்தயத்துக்காக விற்ற நிஸ்மோ (நிஸ்ஸானின் பந்தயப் பிரிவு) பதிப்பில் ஏபிஎஸ் இல்லை, பின் வைப்பர் இல்லை. டர்போவில் பீங்கான் சுழலிக்குப் பதில் எஃகுச் சுழலி. அதிக அழுத்தத்தைத் தாங்க அதுவே ஏற்றது.

பிஎம்டபிள்யூ எம்3-ஐ இந்த வரிசையில் சேர்ப்பவர்கள் உண்டு. டர்போ இல்லாத அந்த 2.3 லிட்டர் கார் நீண்ட பந்தயங்களில் அருமையானது. நேர்வேகத்தில் இவற்றோடு ஒட்டாது.

ஜப்பானின் குரூப் ஏ தொடரில் 1988 பட்டத்தைச் சியராவே வென்றிருந்தது. 1990-இல் ஓட்டுநர்கள் ஹோஷினோவும் சுஸுகியும் கால்சோனிக் அணியின் நீலநிற ஜிடி-ஆரில் முதல் பந்தயத்தையே வென்றார்கள். 1993 முடியும்வரை நடந்த 29 பந்தயங்களிலும் வெற்றி ஜிடி-ஆருக்கே. ஆனால் அது உடையாத கார் அல்ல: 1990-இல் ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற பாதர்ஸ்ட் நெடுந்தூரப் பந்தயத்தில் 18-ஆவது இடம்தான் கிடைத்தது. மறு ஆண்டு ஜிம் ரிச்சர்ட்ஸும் மார்க் ஸ்கைஃபும் அங்கே வென்றார்கள்.

1992-க்குள் ஆஸ்திரேலியாவில் ஜிடி-ஆரின் எடையைக் கூட்டி, டர்போ அழுத்தத்துக்கும் கடிவாளம் போட்டார்கள். அந்த ஆண்டு பாதர்ஸ்டில் கொட்டும் மழையில் ரிச்சர்ட்ஸ் மோதி நின்றார். டிக் ஜான்சனின் சியரா கடந்து சென்றது. சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்தி, முந்தைய சுற்றின் நிலவரப்படி ஜிடி-ஆருக்கே வெற்றி என்று அறிவித்தார்கள். கூட்டம் கூச்சலிட்டது. விதிப்படி அந்தத் தீர்ப்பு சரியானதே. அத்தனை சுமையோடும் கட்டுப்பாட்டோடும் அதுவரை முன்னிலையில் ஓடிய கார் ஜிடி-ஆர்தான். கூச்சலுக்கு அது உரியதல்ல.