நைட் ஷிப்ட் முடிஞ்சா ஒரே தூக்கமா, இரண்டு தவணையா?

எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை, தண்டையார்பேட்டையில் வீடு. இரவு 10 முதல் காலை 6 வரை சி ஷிப்ட் வரும் வாரங்களில் எப்படித் தூங்குவது என்பதில் யார்டுக்குள் இரண்டு கட்சி. 7 மணிக்குப் படுத்தால் மதியம் 2 வரை ஒரே தூக்கம் என்பவர்கள் ஒரு பக்கம். காலையில் ஐந்து மணி நேரம், சாயங்காலம் ஒன்றரை என்று பிரிப்பவர்கள் இன்னொரு பக்கம். நான் இரண்டு கட்சியிலும் இருந்தவன்.

ஒரே தூக்கத்தில் கணக்கு சரியாக வரும். பெரியவர்களுக்கு வேண்டிய 7 மணி நேரமும் கிடைக்கும், மாலை முழுக்க வீட்டோடு இருக்கலாம். உடம்புதான் ஒத்துக்கொள்ளாது. மூளைக்குள் உள்ள கடிகாரம் வெளிச்சத்தை வைத்து ஓடுவது. பகல் ஏற ஏற, தூக்கத்துக்கு வழிவிடும் மெலடோனின் என்ற ஹார்மோன் இறங்கும், உடம்புச் சூடு ஏறும். எவ்வளவு களைத்திருந்தாலும் பலருக்கு நாலைந்து மணி நேரத்தில் தூக்கம் தானாகக் கலைந்துவிடும். கலையாவிட்டாலும் எங்கள் தெரு விடாது. தண்ணி லாரி வந்தால் குடங்கள் இடிபடும் சத்தமே போதும். மேலே சிமென்ட் ஷீட் வேறு. சித்திரையில் உச்சிப் பொழுதுக்கு மேல் ஃபேன் அனலைத்தான் இறக்கும்.

12 மணிக்கு எழுந்துவிட்டால், விடிகாலை 4 மணிக்கு 16 மணி நேரம் விழித்த ஆள். உடம்புச் சூடு ரொம்பத் தணிந்திருக்கும் நேரமும் ஏறக்குறைய அதுதான். ஒரு கன்டெய்னரின் சீல் நம்பரை டார்ச் அடித்து இரண்டு முறை படித்தும் நான் தப்பாக எழுதியது அப்போதுதான்.

இங்கேதான் சாயங்காலத் தூக்கம் கைகொடுக்கிறது. விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற ரசாயனம் சேர்ந்து கண்ணைச் சொருக வைக்கும். கொஞ்சம் தூங்கினால் அந்தப் பாரம் குறையும். ஆனால் எப்போது படுக்கிறோம் என்பது முக்கியம். முதலில் சாயங்காலம் 7 மணிக்குப் படுத்துப் பார்த்தேன், புரண்டதுதான் மிச்சம். முன்னிரவில் உடம்புக் கடிகாரம் விழிக்கத்தான் சொல்லும். 4 மணிவாக்கில் படுத்தேன், வந்துவிட்டது. எழுந்ததும் அரைமணி மந்தமாக இருக்கும், உடனே வண்டியை எடுக்கக் கூடாது. இதையெல்லாம் எதிர்வீட்டு ஆயாவிடம் சொல்ல முடியுமா? "இன்னாப்பா, காலையிலயும் தூங்குற, சாயங்காலமும் தூங்குற, எப்பதான் முயிச்சினு இருப்பே?"

டீ விஷயத்தில் இரு கட்சிக்கும் ஒரே சட்டம்: விடிகாலை 3 மணியோடு நிறுத்த வேண்டும். காஃபீன் பாதி கரையவே சுமார் 5 மணி நேரம். ஷிப்ட் முடிந்து கேட் கடையில் குடிக்கும் ஸ்ட்ராங் டீ நேரே காலைத் தூக்கத்தில் கைவைக்கும். கடலோரச் சாலையில் வரும்போது இடது கன்னத்தில் விழும் வெயிலும் அப்படியே. பஸ்ஸில் என்றால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வேன். பைக்கில் மாட்டேன், கண் சொருகிவிடும்.

கூட வேலை செய்யும் ஒருவருக்கு ஜன்னலே இல்லாத பின்கட்டு அறை. அவர் 2 மணிவரை அசையாமல் தூங்குகிறார், அவருக்கு அதுதான் சரி. ஷீட் வீட்டுக்காரனான எனக்கு இரண்டு தவணைதான். பிள்ளை பள்ளி விட்டு வரும் நேரத்தில் அப்பா படுத்துக்கிடப்பது மட்டும் உறுத்துகிறது. இப்போது அவள் வந்ததும் அரைமணி பேசிவிட்டு நாலரைக்குப் படுக்கிறேன்.