கேபிள் உறையில் அச்சான சொற்கள்: எது எதற்கு நிகர், எது நிகரில்லை

ஒரே வேலைக்கு இரண்டு விலைப்புள்ளிகள் வருகின்றன. ஒன்றில் '4 கோர் 70 ஸ்கொயர் எக்ஸ்எல்பிஇ, எஃப்ஆர்எல்எஸ்' என்றும் மற்றதில் '4 கோர் 95 ஸ்கொயர் பிவிசி, எஃப்ஆர்' என்றும் இருக்கிறது. கோர் என்பது உறைக்குள் இருக்கும் தனிக் கம்பி, ஸ்கொயர் என்பது அதன் குறுக்குவெட்டுப் பரப்பு (சதுர மி.மீ.). பிவிசியும் எக்ஸ்எல்பிஇயும் (குறுக்குப் பிணைப்பு செய்த பாலிஎத்திலீன்) கம்பியை மூடும் இன்சுலேஷன், எஃப்ஆரும் எஃப்ஆர்எல்எஸும் தீ குறித்த சொற்கள். இந்த இரண்டு விலைப்புள்ளிகளையும் ஒப்பிட ஒரே வழிதான் உண்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு சோதனையும் அதற்கு ஓர் எண்ணும் இருக்கும், அந்த எண்ணை எடுத்துப் பார்க்க வேண்டும். எண் இல்லாமல் வரும் சொல்லை விளம்பரமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்கொயர் எம்எம், ஏடபிள்யூஜி, எஸ்டபிள்யூஜி

'2.5 ஸ்கொயர்' என்பது அந்த ஒயருக்கு வைத்த பெயர். ஐஇசி 60228 என்ற சர்வதேசத் தரநிலை பரப்பளவை அளந்து பார்க்கச் சொல்வதில்லை, மின்தடையைத்தான் பார்க்கச் சொல்கிறது. 2.5 சதுர மி.மீ. செம்பு, வகுப்பு 2 (பல இழை முறுக்கிய கம்பி) என்றால் 20 டிகிரி செல்சியஸில் கிலோமீட்டருக்கு 7.41 ஓமைத் தாண்டக் கூடாது. இழைகளை மைக்ரோமீட்டரில் அளப்பது முதற்கட்டப் பார்வைக்கு உதவும்: 0.67 மி.மீ. இழை ஏழு இருந்தால் 2.47 சதுர மி.மீ. வரும். ஆனால் செம்பு கலப்படமாக இருந்தால் மைக்ரோமீட்டர் அதைக் காட்டிக்கொடுக்காது, மின்தடைதான் காட்டும்.

அளக்கும்போது மூன்று இடங்களில் சறுக்கும். முதலாவது வெப்பநிலை. செம்பின் மின்தடை டிகிரிக்கு 0.393 சதவீதம் ஏறும். 30 டிகிரி அறையில் 7.41 ஓம் ஒயர் 7.70 ஓம் காட்டும். திருத்தாமல் நல்ல சரக்கைத் தள்ளுபடி செய்பவர்கள் உண்டு. இரண்டாவது மீட்டர். 100 மீட்டர் சுருளின் தடை 0.74 ஓம்தான், சாதாரண மல்டிமீட்டரின் முனைக் கம்பிகளே அதில் கணிசமான பங்கைச் சேர்த்துவிடும். நான்கு முனை மைக்ரோ ஓம் மீட்டர் இல்லாமல் இந்தச் சோதனையில் இறங்க வேண்டாம். மூன்றாவதுதான் தந்திரமானது. சுருளின் நீளமும் 10 சதவீதம் குறைந்து, கம்பியின் பரப்பும் அதே அளவு குறைந்திருந்தால் மொத்தத் தடை சரியாகவே காட்டும்! அதனால் துல்லியமாக ஒரு மீட்டர் வெட்டி, இன்சுலேஷனை உரித்து, செம்பை மட்டும் எடை போட்டுப் பார்ப்பது நல்லது. 2.5 ஸ்கொயருக்கு சுமார் 22 கிராம் இருக்க வேண்டும்.

ஏடபிள்யூஜி என்ற அமெரிக்க கேஜ் முறையில் எண் ஏற ஏறக் கம்பி மெலியும். மூன்று எண் இறங்கினால் பரப்பு ஏறக்குறைய இரட்டிக்கும், பத்து எண் இறங்கினால் பத்து மடங்காகும். 14 ஏடபிள்யூஜி 2.08 சதுர மி.மீ., 12 என்பது 3.31, 10 என்பது 5.26. ஆக, 12 ஏடபிள்யூஜி கேட்ட இடத்தில் 2.5 ஸ்கொயர் போட்டால் அது குறைப்பு. 4 ஸ்கொயர்தான் போட வேண்டும். இதைவிடப் பெரிய குழப்பம் 'கேஜ்' என்ற வெறும் சொல்லில் இருக்கிறது. 12 ஏடபிள்யூஜி கம்பியின் விட்டம் 2.05 மி.மீ., 12 எஸ்டபிள்யூஜி (பிரிட்டிஷ் கேஜ்) கம்பியின் விட்டம் 2.64 மி.மீ. பரப்பில் இது 3.31-க்கும் 5.48-க்கும் உள்ள வேறுபாடு. மோட்டார் ரீவைண்டிங்கில் பழைய தகட்டில் 'கேஜ்' என்று மட்டும் இருந்தால், எந்த கேஜ் என்று தேடுவதைவிட விட்டத்தை அளப்பதே பாதுகாப்பு.

பெரிய கேபிள்களில் எம்சிஎம் அல்லது கேசிஎம்ஐஎல் (ஆயிரம் சர்க்குலர் மில் என்ற பரப்பு அலகு) என்று வரும். அதைப் பாதியாக்கினால் சதுர மி.மீ. கிட்டத்தட்டக் கிடைத்துவிடும்: 250 எம்சிஎம் என்பது 127 சதுர மி.மீ.

ஒற்றைக் கம்பி, ஸ்ட்ராண்டட், ஃப்ளெக்ஸிபிள்

வகுப்பு 1 ஒற்றைக் கம்பி, வகுப்பு 2 ஸ்ட்ராண்டட், வகுப்பு 5 ஃப்ளெக்ஸிபிள், வகுப்பு 6 அதைவிட நெகிழ்வானது. பலர் இதை நெகிழ்வுத்தன்மை பற்றிய பிரிவாக மட்டும் பார்க்கிறார்கள். மின்தடை வரம்பும் மாறுகிறது என்பது கண்ணில் படுவதில்லை. அதே 2.5 ஸ்கொயர், வகுப்பு 5 என்றால் 7.98 ஓம் வரை போகலாம். வகுப்பு 2-ஐவிட ஏறக்குறைய 8 சதவீதம் அதிகம், ஆனாலும் தரநிலைக்குள்தான். வெள்ளீயம் பூசிய இழை என்றால் வரம்பு இன்னும் தளர்ந்து 8.21 ஆகிறது. நீண்ட தூர ஓட்டத்தில் வோல்டேஜ் இறக்கம் கணக்கிடும்போது எந்த வகுப்பின் அட்டவணையை எடுத்தீர்கள் என்பது இங்கேதான் முக்கியமாகிறது.

நகராத இடத்துக்கு வகுப்பு 1 அல்லது 2 போதும். பேனலுக்கு உள்ளேயும் அதிர்வு உள்ள இயந்திரங்களிலும் வகுப்பு 5. வெல்டிங் கேபிளுக்கும், சங்கிலித் தடத்தில் ஓயாமல் வளையும் கேபிளுக்கும் வகுப்பு 6. வகுப்பு 5-ஐத் திருகு டெர்மினலில் நேரடியாக நுழைத்தால் இழைகள் விரிந்து, திருகு சிலவற்றை அறுத்துவிடும். அதற்கு மருந்து என்று முனையை ஈயம் பற்றவைப்பது அதைவிடத் தவறு. அழுத்தத்தில் ஈயம் மெல்ல வழிந்து இடம் கொடுக்கும், சில மாதங்களில் திருகு தளர்ந்து முனை சூடாகும். அளவுக்கேற்ற ஃபெருல் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சிறு உலோகக் குழல்) போட்டு, நசுக்கி கிரிம்ப் செய்வதே வழி.

கேபிள் முனையில் நசுக்கிப் பொருத்தும் லக் என்ற உலோக இணைப்பியிலும் இதே சிக்கல் உண்டு. அமுக்கி உருட்டிய காம்பாக்ட் கண்டக்டர் (மின்சாரம் கடத்தும் கம்பிக் கட்டு), அமுக்காததைவிட விட்டத்தில் 8 முதல் 10 சதவீதம் சிறியது. ஃப்ளெக்ஸிபிள் இன்னும் பருமன். 95 ஸ்கொயர் ஃப்ளெக்ஸிபிள் சாதாரண 95 லக்கில் நுழையவில்லை என்று சில இழைகளை நறுக்கித் தள்ளுவது, கேபிளையே சின்னதாக்குவதற்குச் சமம். மாறாக, காம்பாக்ட் கண்டக்டர் தளர்வான லக்கில் ஆடினால், கிரிம்ப் கருவியின் அச்சை (டை) மாற்றி இன்னொரு முறை நசுக்கினாலும் சரியாகாது. லக் வாங்கும்போதே கண்டக்டரின் வகையைச் சொல்லி வாங்க வேண்டும்.

செம்பா, அலுமினியமா

அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பில் 61 சதவீதம். அதே தடைக்கு சுமார் 1.6 மடங்கு பரப்பு வேண்டும், எடையோ பாதிதான் வரும். தரநிலை அட்டவணையிலேயே இது தெரிகிறது: 10 ஸ்கொயர் செம்பு கிலோமீட்டருக்கு 1.83 ஓம், 16 ஸ்கொயர் அலுமினியம் 1.91, 16 செம்பு 1.15, 25 அலுமினியம் 1.20. ஓர் அளவு ஏற்றிப் போட்டால் ஏறக்குறைய நிகர். ஆனால் விட்டமும் கூடவே ஏறும். கிளாண்ட் (கேபிளைப் பேனலில் இறுக்கிப் பிடிப்பது), பேனலின் நுழைதுளை, வளைவு இடம் மூன்றையும் முதலில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். செம்பு பஸ்பாரில் சேரும் இடத்தில் பைமெட்டல் லக் (செம்பும் அலுமினியமும் இணைந்தது) வேண்டும், ஆக்சைடைச் சுரண்டியதும் ஜாயின்ட் பசை பூச வேண்டும். அலுமினியத்தில் எரியும் பெரும்பாலான முனைகள் இந்த இரண்டையும் தவிர்த்தவைதான்.

பிவிசியும் எக்ஸ்எல்பிஇயும்

பிவிசி இன்சுலேஷனில் கண்டக்டர் 70 டிகிரி வரை தொடர்ந்து ஓடலாம், எக்ஸ்எல்பிஇயில் 90 வரை. ஷார்ட் சர்க்யூட்டின்போது 300 ஸ்கொயர் வரையிலான பிவிசிக்கு 160 டிகிரி, எக்ஸ்எல்பிஇக்கு 250. தொடக்கத்தில் சொன்ன 70-க்கும் 95-க்கும் உள்ள வித்தியாசம் இந்த இரண்டாவது எண்ணிலிருந்துதான் வருகிறது. பிழை மின்னோட்டத்தை, அது நீடிக்கும் நொடிகளின் வர்க்கமூலத்தால் பெருக்கி, கே என்ற மாறிலியால் வகுத்தால் குறைந்தபட்சப் பரப்பு கிடைக்கும். செம்பில் கே பிவிசிக்கு 115, எக்ஸ்எல்பிஇக்கு 143. 10 கிலோ ஆம்பியர் ஒரு நொடிக்கு என்றால் பிவிசியில் 87 வருகிறது, எனவே 95 ஸ்கொயர். எக்ஸ்எல்பிஇயில் 69.9, மயிரிழையில் 70 ஸ்கொயர் போதும். அலுமினியத்தில் கே 76-ம் 94-ம். அங்கே 150-க்கும் 120-க்கும் போட்டி.

இந்தச் சேமிப்பு எல்லா இடத்திலும் கிடைக்காது. ஓட்டம் நீண்டால் அளவை முடிவு செய்வது வோல்டேஜ் இறக்கம், சூடு அல்ல. மேலும் கண்டக்டர் 70-லிருந்து 90 டிகிரிக்கு ஏறினால் அதன் தடை 6.6 சதவீதம் கூடும். அதாவது எக்ஸ்எல்பிஇயை முழுத் திறனில் ஓட்டினால் இழப்பும் அதிகம். அடுத்தது டெர்மினல். கேபிள் 90 டிகிரி தாங்கும், அது போய்ச் சேரும் பிரேக்கரின் முனை 70 டிகிரிக்குத்தான் மதிப்பிடப்பட்டது என்றால், கேபிளையும் 70 டிகிரி அட்டவணைப்படிதான் ஏற்ற வேண்டும். இதைக் கவனிக்காத பேனல்களில் கேபிள் நன்றாக இருக்கும், பிரேக்கர் காரணமின்றி டிரிப் ஆகும்.

எக்ஸ்எல்பிஇ என்று அச்சிட்டிருப்பதும் உண்மையில் குறுக்குப் பிணைப்பு ஆகியிருப்பதும் ஒன்றல்ல. ஹாட் செட் சோதனை அதைச் சொல்லிவிடும்: 200 டிகிரி அடுப்பில் 15 நிமிடம், சதுர சென்டிமீட்டருக்கு 20 நியூட்டன் சுமை. நீட்சி 175 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், சுமையை எடுத்து ஆறியபின் நிலைத்த நீட்சி 15 சதவீதத்துக்குள். பிணைப்பு ஆகாத பாலிஎத்திலீன் இந்தச் சூட்டில் உருகி அறுந்து விழும். சிலேன் என்ற வேதிப்பொருளால் பிணைக்கும் முறையில் செய்த கேபிளுக்கு ஈரமும் நேரமும் தேவை. அவசரத்தில் டிரம்மேற்றிய சரக்கு இந்தச் சோதனையில்தான் மாட்டும்.

பிவிசிக்கு இன்னொரு பலவீனம், அதை மென்மையாக்கும் பிளாஸ்டிசைசர். தெர்மோகோல் எனப்படும் பாலிஸ்டைரீன் தகட்டோடு ஒட்டிக் கிடந்தால் அது கசிந்து தகட்டைக் கரைக்கும், ஒயர் விறைத்துப்போகும். கூரைக் காப்புக்குள் ஒயர் இழுப்பவர்கள் கவனிக்க.

எஃப்ஆர், எஃப்ஆர்எல்எஸ், எல்எஸ்இசட்எச், ஃபயர் சர்வைவல்

அதிகமாக ஏமாறும் இடம் இது. இவை நல்லது, மிக நல்லது, மிகமிக நல்லது என்று படிகளாக அடுக்கிய தரங்கள் அல்ல. நான்கும் நான்கு வெவ்வேறு கேள்விகளுக்கு விடை.

எஃப்ஆர் என்பதே இரண்டு அர்த்தத்தில் புழங்குகிறது. ஒரு பட்டியலில் அது தீ பரவாமல் தடுப்பது, இன்னொன்றில் தீயிலும் வேலை செய்வது. முதலாவதிலும் இரண்டு நிலைகள் உண்டு. ஐஇசி 60332-1 ஒற்றை கேபிளைச் செங்குத்தாக நிறுத்திச் சுடரைக் காட்டும், இதில் தேறுவது எளிது. 60332-3 கேபிள்களைக் கட்டாக ஏணியில் கட்டி எரிக்கும். மீட்டருக்கு எவ்வளவு லிட்டர் உலோகமல்லாத பொருள் என்பதைப் பொறுத்து ஏ பிரிவுக்கு 7, பி பிரிவுக்கு 3.5, சி பிரிவுக்கு 1.5. கருகல் 2.5 மீட்டரைத் தாண்டக் கூடாது. தனியாக எரியாத கேபிள் கூட்டமாக இருந்தால் எரியும், ஒன்றின் சூடு மற்றொன்றுக்கு எரிபொருளாகிறது. டிரே நிறையக் கேபிள் போகும் ஷாஃப்டுக்கு 60332-1 சான்றிதழ் மட்டும் காட்டினால் ஏற்க வேண்டாம்.

எஃப்ஆர்எல்எஸ் (தீ பரவாது, புகை குறைவு) இன்னமும் பிவிசிதான். புகையையும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவையும் குறைத்திருக்கிறார்கள், ஒழிக்கவில்லை. வழக்கமான வரையறை அமில வாயு 20 சதவீதத்துக்குள். எல்எஸ்இசட்எச்சில் (புகை குறைவு, குளோரின் போன்ற ஹாலஜன் இல்லாதது) அந்த வரம்பு 0.5 சதவீதம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. புகையில் '60' என்ற எண் இரண்டு பட்டியலிலும் வருவது வேடிக்கை. ஏஎஸ்டிஎம் டி2843 என்ற அமெரிக்கச் சோதனையில் அது புகை அடர்த்தியின் மேல்வரம்பு, குறைந்தால் நல்லது. ஐஇசி 61034-ல் அது புகையினூடே ஊடுருவும் ஒளியின் கீழ்வரம்பு, கூடினால் நல்லது. சோதனை முறையும் வேறு, திசையும் வேறு.

எல்எஸ்இசட்எச்சுக்கும் விலை உண்டு, பணத்தில் மட்டுமல்ல. எரியாமல் இருக்க அலுமினியம் ஹைட்ராக்சைடு போன்ற நிரப்பியை எடையில் பாதிக்கு மேல் சேர்க்கிறார்கள். அதனால் உறை இழுவையில் எளிதில் கீறும், ஈரத்தை உறிஞ்சும், இறுக்கி வளைத்தால் வெடிக்கும். வெளியே மண்ணில் புதைப்பதற்கு இதைக் கேட்பது வீண். மக்கள் கூடும் மூடிய இடங்களில்தான் இதற்கு அர்த்தம். இன்னொன்று, புகையில்லை, ஹாலஜன் இல்லை என்ற சான்றிதழ்கள் தீ பரவாது என்று சொல்வதில்லை. அதற்கு 60332-3-ஐத் தனியே கேட்டு வாங்க வேண்டும்.

தீயணைப்பு பம்ப், அபாய அறிவிப்பு, அவசர விளக்கு ஆகியவற்றுக்கு மேற்கண்ட எதுவும் போதாது. இவற்றுக்குத் தேவை எரியும்போதும் மின்சாரம் கடத்துவது, அதாவது கண்டக்டர் மேல் மைகா டேப் சுற்றிய, ஐஇசி 60331 தேறிய கேபிள். பிஎஸ் 6387 என்ற பிரிட்டிஷ் தரநிலையில் சி என்பது 950 டிகிரியில் 3 மணி நேரம், டபிள்யூ என்பது தீயோடு தண்ணீர், இசட் என்பது தீயோடு அதிர்ச்சி. பம்புக்குப் போகும் கேபிளுக்கு மூன்றும் வேண்டும். இவ்வளவு செலவழித்து வாங்கியதைப் பிளாஸ்டிக் டையால் கட்டித் தொங்கவிட்டால், கேபிள் எரியும் முன்பே டை உருகிக் கேபிள் கீழே விழும். கிளிப்பும் டிரேயும் அதே தீயைத் தாங்க வேண்டும்.

ஆர்மர் வேறு, ஸ்கிரீன் வேறு

ஆர்மர் என்ற உலோகக் கவசம் அடி, இழுவை, எலிப்பல் ஆகியவற்றிலிருந்து காக்க. இழுவிசை அதிகமுள்ள இடத்துக்கு உருண்டைக் கம்பி ஆர்மர், மற்ற இடங்களுக்குத் தட்டைப் பட்டை போதும். ஒற்றைக் கோர் ஏசி கேபிளுக்கு இரும்பு ஆர்மர் ஆகாது. காந்தப்புலம் அதில் சுழல் மின்னோட்டத்தைக் கிளப்பிச் சூடேற்றும், அலுமினியக் கம்பி ஆர்மர்தான் வேண்டும். கிளாண்ட் தகடு இரும்பாக இருந்து மூன்று ஃபேஸும் தனித்தனித் துளைகளில் போனாலும் அதே கதை.

ஸ்கிரீன் என்ற உலோக மறைப்பு சிக்னலை மின் இரைச்சலிலிருந்து காக்க. ஃபாயில் நூறு சதவீதம் மூடும், ஆனால் மெல்லியது, அடிக்கடி வளைத்தால் கிழியும், இணைப்புக்கு டிரெயின் ஒயர் (ஃபாயிலைத் தொட்டு ஓடும் வெற்றுக் கம்பி) கூடவே வேண்டும். கம்பிப் பின்னல் முழுதாக மூடாது, ஆனால் தடை குறைவு, வளைவைத் தாங்கும். அசையும் கேபிளுக்குப் பின்னல், நிலையான கருவிக் கேபிளுக்கு ஃபாயில், இரைச்சல் மிகுந்த இடத்தில் இரண்டும்.

எர்த்துடு கிரேடா, அன்எர்த்துடு கிரேடா

0.6/1 கிலோவோல்ட் என்பதில் முதல் எண் கண்டக்டருக்கும் எர்த்துக்கும் இடையில் உள்ளது, இரண்டாவது ஃபேஸ்களுக்கு இடையில். தாழ்வழுத்தத்தில் இதில் தவறு நடப்பது அபூர்வம். 11 கிலோவோல்ட்டில்தான் 6.35/11, 11/11 என்று இரண்டு வந்து நிற்கும், முதலாவது எர்த்துடு கிரேடு, இரண்டாவது அன்எர்த்துடு கிரேடு, முதலாவதில் இன்சுலேஷன் மெல்லியது. நியூட்ரல் நன்கு எர்த் செய்யப்பட்டு, பிழை உடனே துண்டிக்கப்படும் அமைப்புக்கு 6.35/11 சரி. எர்த் செய்யாத அமைப்பில் ஒரு ஃபேஸ் மண்ணைத் தொட்டால் மற்ற இரண்டும் எர்த்துக்கு எதிராக 6.35-லிருந்து 11-க்கு ஏறி, பிழை நீங்கும்வரை அப்படியே நிற்கும். அந்த நிலையில் மெல்லிய இன்சுலேஷன் உடைவது பெரும்பாலும் முதலில் பழுதான ஃபேஸில் அல்ல, எங்கோ தள்ளி இருக்கும் நல்ல ஃபேஸின் ஜாயின்ட்டில். அப்போது பழுது இரண்டாகி ரிலே துண்டிக்கும். ஜாயின்ட் போட்டவரைக் குறை சொல்வதற்கு முன் கேபிளின் கிரேடைப் பாருங்கள்.