சுங்குடி வியாபாரத்துக்கு வெப்சைட்: நாலு வருஷம் ஓட்டியபின் என் அனுபவம்

2020 கடைசியில் வீட்டிலிருந்தே மதுரைச் சுங்குடிச் சேலை (துணியில் நூலால் முடிச்சுக் கட்டிச் சாயம் ஏற்றிப் புள்ளி எடுப்பது) விற்க ஆரம்பித்தேன். முதலில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் மட்டும்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் படம் அனுப்பி, விற்றுப்போன சேலையையே நாலு பேர் திரும்பத் திரும்பக் கேட்டு, அலுத்துப்போய்த்தான் 2021 மார்ச்சில் வெப்சைட் போட்டேன். சொந்தக்காரர் மூலமாக வந்த ஒரு தம்பி வேர்ட்பிரஸ், வூகாமர்ஸ் என்ற சைட் கட்டும் மென்பொருள்களை வைத்து 18,000 ரூபாய்க்கு முடித்துக் கொடுத்தார். டொமைன் (சைட்டின் பெயர், அதாவது முகவரி), ஹோஸ்டிங் (சைட்டை வைக்கும் இடத்தின் வாடகை) ஒரு வருஷத்துக்கு அதிலேயே சேர்த்தி. வேலை சுத்தம், குறை சொல்ல முடியாது.

அடி விழுந்தது அடுத்த வருஷம். கொரோனாவால் இரண்டு வருஷம் வெளியே நடக்காத சித்திரைத் திருவிழா 2022-இல் மறுபடி வருகிறது, நல்ல ஆர்டர் வரும் நேரம், திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சைட் திறக்கவில்லை. டொமைன் காலாவதி. பணம் கட்டலாம் என்று போனால் என்னால் கட்டவே முடியவில்லை, ஏனென்றால் டொமைனை அந்தத் தம்பி தன் கணக்கில், தன் பழைய மெயிலில் வாங்கியிருந்தார். போன் போட்டால் "அக்கா, நான் இப்ப பெங்களூர்ல இருக்கேன், அந்த மெயிலே இல்லக்கா" என்கிறார். ஒன்பது நாள் கடை மூடிக் கிடந்த மாதிரி. அந்த ஒன்பது நாளும் எனக்குத் தூக்கம் இல்லை.

கடைசியில் அவரே கணக்கை மீட்டுப் புதுப்பித்தார். அப்புறம் டொமைனை வேறு இடத்துக்கு மாற்றவிடாத லாக்கை எடுத்து, மாற்றத் தேவையான ரகசியக் குறியீடான ஆத் கோட் வாங்கி, என் பெயரில் தொடங்கிய கணக்குக்கு மாற்றினேன். அதற்கு ஒரு வாரம் ஆனது. டாட் காம் என்றால் மாற்றக் கட்டும் பணத்திலேயே ஒரு வருஷம் கூடுதலாகச் சேர்ந்துவிடும், நஷ்டமில்லை. யாரிடம் வேலை கொடுத்தாலும் கொடுங்கள், டொமைனை மட்டும் உங்கள் மெயில், உங்கள் கார்டு போட்டு நீங்களே வாங்குங்கள். முதல் வருஷ விலையைப் பார்த்து முடிவு செய்யாமல் புதுப்பிக்கும் விலையையும் கேளுங்கள். எஸ்எஸ்எல்லுக்கு (சைட்டுக்கும் பார்ப்பவருக்கும் நடுவே போகும் தகவலை மறைத்துக் காக்கும் சான்றிதழ்) தனியாக வருஷம் மூவாயிரம் என்று இன்னொருவர் என்னிடம் கேட்டார். லெட்ஸ் என்கிரிப்ட் தரும் சான்றிதழ் இலவசம், நிறைய ஹோஸ்டிங்கில் அதுவாகவே புதுப்பித்துக்கொள்ளும்.

சைட்டிலேயே பணம் வாங்க கேட்வே வைத்தேன். அதற்குக் கட்டணம் இரண்டு சதவீதம், அதன்மேல் ஜிஎஸ்டி, ஆக ஆயிரம் ரூபாய்ச் சேலைக்கு 23 ரூபாய் 60 காசு போகும். உண்மையில் பத்துக்கு ஏழு பேர் சைட்டில் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் வந்து பேசி, ஜிபேயில்தான் அனுப்புகிறார்கள். அதனால் சைட் வீண் என்று நினைக்காதீர்கள். சைட்டைப் பார்த்த பிறகுதான் முன்பின் தெரியாதவர்கள் நம்பிப் பணம் போடுகிறார்கள்.

நிறம்தான் பெரிய பாடு. அரக்கு என்று அனுப்பினால் "படத்தில் சிவப்பாகத் தெரிந்தது" என்று கோயம்புத்தூரிலிருந்து திரும்பி வந்தது. இப்போது காலை எட்டு மணிக்கு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துத்தான் படம் எடுக்கிறேன். நிறத்தின் பெயரையும் தமிழிலேயே எழுதுகிறேன்: மயில் கழுத்து, கத்தரிப்பூ, மாந்துளிர். 2005-இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை இது, ஆனால் அச்சடித்த புள்ளியையும் சுங்குடி என்றே விற்கிறார்கள். அதனால் ஒரு மூலையில் நூல் முடிச்சைப் பிரிக்காமல் விட்டு, பிரித்த இடத்தில் துணி சுருங்கி நிற்பதையும் சேர்த்துக் கிட்டத்தில் ஒரு படம். அந்தப் படம் போட்டதிலிருந்து "நிஜக் கட்டுதானா?" என்ற கேள்வி பாதியாகக் குறைந்துவிட்டது.

இன்னொன்று, நான் எதிர்பார்க்காதது. என் சைட்டில் கூகுளிலிருந்து அதிகம் பேர் வந்து படிப்பது சேலைப் பக்கம் இல்லை, சாயம் போகாமல் துவைப்பது எப்படி என்று நான் எழுதிய பக்கம். முதல் தடவை கல்லுப்புத் தண்ணீரில் தனியாக அலசி, நிழலில் காயப் போடச் சொல்லி எட்டே வரி. கஞ்சி போடுவது பற்றியும் கேட்கிறார்கள், இந்த வாரம் அதை எழுத வேண்டும்.